பித்தளை பிரஷ்ஷும் பெருமாள் சொன்ன வாக்கியமும்

1

இதை நகைச்சுவைக் கட்டுரையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். சென்னையிலுள்ள பத்திரிகை ஆசிரியர் ஒருவர், "ஐதராபாத் வாழ்க்கையைப் பற்றிச் சிரிக்கிற மாதிரி நாலு பக்கம் அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தார். என்னிடம் சிரிக்கிற மாதிரி ஒரு சங்கதி இருந்தது. கடலே இல்லாத ஊரில் கடல்நீர்த் தொட்டியின் குழாயைச் சுத்தம் செய்ய ஒரு கருவி செய்தோம். செய்து முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

முதல் வரி இப்படி வந்தது:

"சமுத்திரத்துக்குப் பல் துலக்கியவரை நீங்கள் பார்த்ததுண்டா? எங்கள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்படி ஒரு —"

அடித்துவிட்டேன். அடுத்தது:

"1939-ஆம் வருஷத்துப் பங்குனி வெயில் —"

அதையும் அடித்தேன். ரயில்வேயில் சாமான் கிடங்குக் குமாஸ்தா நான். ஒரு நாளைக்கு முப்பது கடிதம் திருத்தமில்லாமல் எழுதுகிறவன். இந்த ஒரு கதைக்குப் பதினோரு தொடக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். யார்மேல் கோபம் என்று தெரியாமலே கோபமாக வருகிறது.

(தெரியும். ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.)

2

மௌலா அலி குன்றுக்குப் போகிற வழியில் ஒரு ஜாகீர்தாரின் தேவ்டி இருக்கிறது. தேவ்டி என்றால் மாளிகை. ஜாகீர்தார் பம்பாயில் எங்கோ பார்த்துவிட்டு வந்து, தன் வீட்டிலும் ஒரு கண்ணாடித் தொட்டி கட்டினார். மசூலிப்பட்டணத்திலிருந்து மரப் பீப்பாய்களில் கடல்நீர் ரயிலில் வந்தது. கோடு போட்ட சிறு மீன்கள், இறால்கள், சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள், கல்லில் ஒட்டிக்கொண்டு பூவாய் விரியும் கடல் சாமந்திகள் எல்லாம் வந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ராயபுரத்திலிருந்து பெருமாள் என்பவரும் வந்தார்.

கைப்பம்பு தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும்; அங்கிருந்து கண்ணாடிக் குழாய் வழியாகக் கீழே விழும். குழாயில் மூன்று முழங்கை வளைவு. பத்து நாளில் வளைவுக்குள் உப்பு படிந்து, பாசி பிடித்து, பொடிச் சிப்பிகள் ஒட்டி, தண்ணீர் நூலாகிவிடும். கம்பி விட்டுக் குத்தினால் கண்ணாடி உடையும். குத்தாவிட்டால் மீன் மூச்சுத் திணறும்.

தேவ்டியின் நிர்வாகியான தாரோகா லாலாகுடா பட்டறையில் ஆள் தேடினார். ஃபிட்டர் ரூஃபஸ் அகப்பட்டார். ரூஃபஸுக்கு உருது வராது. பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு வரும். அதனால் நானும் போனேன்.

3

முதல் கருவி: குடைக்கம்பியின் நுனியில் பன்றி மயிர். முதல் வளைவைத் தாண்டியது, இரண்டாவதில் மடங்கிக்கொண்டது.

இரண்டாவது: சைக்கிள் பிரேக் கம்பி. அழகாக வளைந்தது. ஒரே வாரத்தில் துருப்பிடித்துத் தொட்டி முழுவதும் டீத் தண்ணீர் நிறமாயிற்று. மறுபடி பீப்பாய், மறுபடி ரயில்.

மூன்றாவது: தேங்காய் நார்க் கயிறு. அது ஊறிப் பெருத்து மூன்றாவது வளைவுக்குள் சிக்கிக்கொண்டது. குழாயைக் கழற்றும்போது விரிசல் விட்டு ரூஃபஸின் உள்ளங்கையைக் கிழித்தது. "இத்தனை சின்னக் குழாய் என்னைப் படுத்துத பாட்டை எஞ்சின்கூட படுத்தலையே!" என்று அவர் கத்திக்கொண்டே கையில் துணி சுற்றினார்.

நான்காவதுதான் வென்றது. பித்தளைக் கம்பியை முறுக்கி, அதில் பித்தளை முட்களைச் சடை போலப் பின்னி, இரு முனையிலும் மெழுகு நூல் கட்டினார் ரூஃபஸ். குழாயிலிருந்து அதை எடுக்கவே வேண்டாம். உள்ளேயே கிடக்கும். காலையில் இந்தப் பக்கம் இழுத்தால் போதும். மாலையில் அந்தப் பக்கம். அதைக் கண்டதும் எனக்குக் கைதட்டத் தோன்றியது.

4

மேலே உள்ளதை ரூஃபஸிடம் படித்துக் காட்டினேன். அதில் அப்போது இன்னொரு வரியும் இருந்தது: "இரும்பு துருப்பிடிக்கும், பித்தளையில் செய்வோம் என்று ரூஃபஸுக்குச் சட்டென்று தோன்றியது."

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என்ன அண்ணாச்சி, எனக்கா தோணிச்சி? பித்தளைன்னு சொன்னது நீங்கள்லா?"

"கதைக்கு அப்படி இருந்தால் நல்லது."

"கதைக்கு நல்லதா இருக்கட்டும். சொன்னது நீங்க."

அந்த வரியை எடுத்துவிட்டேன். ரூஃபஸ் தான் செய்யாத கெட்டிக்காரத்தனத்தைத் தன் பேரில் வாங்கிக்கொள்ள மாட்டார். எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட பாத்திரம் பெரிய தலைவலி.

5

பெருமாள் அதைவிடத் தலைவலி. முதல் வரைவில் அவரைக் கோமாளியாக்கினேன்: மீன்களோடு பேசுகிறவர், உருது புரியாமல் எதற்கெடுத்தாலும் 'ஹவ், ஹவ்' (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டுகிறவர்.* பக்கம் நிரம்பியது. ஆனால் அந்த ஆள் பெருமாள் இல்லை.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகம் சுரண்டுகிற வேலை பார்த்தவர். யாரையும் தொட்டியைத் தட்ட விடமாட்டார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு நாள் என்னைக் கூச்சத்தோடு கேட்டு மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்: "செல்லம்மாவுக்கு. இங்கே எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். சித்திரை முடிந்ததும் புறப்பட்டு வா. சட்டி பானை தூக்கிக்கொண்டு வராதே, இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்."

பிரஷ் தயாரானதற்கு முந்தைய வாரம் அதைத் தபாலில் சேர்த்தவன் நான்தான்.

(* தலையாட்டியது உண்மை. சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. நானும் இந்த ஊருக்கு வந்த புதிதில் அப்படித்தான் ஆட்டினேன்.)

6

இந்தப் பகுதியை மட்டும் நான்கு விதமாக எழுதியிருக்கிறேன். ஒன்றில் எனக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். இன்னொன்றில், ரூஃபஸைக் காப்பாற்றத்தான் நான் —

இல்லை. நடந்தது இது.

ரூஃபஸுக்கு அன்று பட்டறையில் வேலை. பிரஷ்ஷை நான் தனியாகக் கொண்டுபோனேன். பெருமாள் அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, பித்தளையா? வோணாம் சார்."

"ஏன்?"

"கப்பலு அடியில செம்புத் தகடு அடிக்கிறாங்களே, எதுக்கு? சிப்பி, பாசி ஒண்ணும் அதுல உசுரோட இருக்காது. செம்பும் பித்தளையும் ஒரே சாதி சார். இத்த உள்ளயே போட்டு வெச்சா தண்ணி விஷமாப் பூடும்."

தாரோகா பக்கத்தில் நின்றார். "உனே க்யா போல்ரா?" என்று கேட்டார். அவன் என்ன சொல்கிறான் என்று.

அது என் ஆறாவது நடை. தலைக்கு மேல் வெயில். பித்தளை என் யோசனை. மறுபடி முதலிலிருந்தா என்று நினைத்தபோதே பல்லைக் கடித்தேன்.

"ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிறான்" என்று உருதுவில் சொன்னேன். பெருமாளைப் பார்த்து, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா" என்றேன். பெருமாள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஐந்தாம் நாள் கடல் சாமந்திகள் சுருங்கின. எட்டாம் நாள் இறால்கள் மல்லாந்தன. பன்னிரண்டாம் நாள் மீன்கள் மிதந்தன. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெருமாள் பிரஷ்ஷை வெளியே எடுத்துத் தரையில் போட்டிருந்தார். அதில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

"என்ன தீனி போட்டுக் கொன்றான், கேள்" என்றார் தாரோகா.

கேட்டேன். பெருமாள் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "நான் அன்னிக்கே சொன்னேன்ல சார். அத்தச் சொல்லுங்க."

தாரோகாவிடம் நான் சொன்னது மூன்று வார்த்தை. "மாலூம் நை போல்ரா." தனக்குத் தெரியாது என்கிறான்.

உருது தெரியாவிட்டாலும், தான் அன்று அத்தனை சொன்னதற்கு என் பேச்சு எவ்வளவு குட்டையாக இருந்தது என்பது பெருமாளுக்குப் புரிந்திருக்கும். உடனே அவரை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். நான் வேறு வழியாக வீட்டுக்கு வந்தேன்.

7

முடிவுக்கு முயன்றவை:

(அ) பெருமாள் சென்னையில் இதைவிட நல்ல வேலையில் அமர்ந்தார். — அது எனக்கு எப்படித் தெரியும்?

(ஆ) தாரோகா உண்மையறிந்து பெருமாளைத் திருப்பி அழைத்தார். — இதை எழுதும்போது என் கையே சிரித்தது.

(இ) ஆறாம் பகுதியை ரூஃபஸிடம் கொடுத்தேன்.

இது மட்டும் நடந்தது. நின்றபடியே படித்தார். "அந்த மனுசன் சொன்னதை எங்கிட்ட வந்து ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா, ஒரே நாள்ல குதிரை மயிர்ல கட்டிக் குடுத்திருப்பேனே!" என்றார். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "கெளம்புங்க அண்ணாச்சி, இப்பவாவது அவரு சொன்னதைச் சொல்லுங்க" என்றார்.

தேவ்டிக்குப் போனோம். தொட்டியில் இப்போது நல்ல தண்ணீர், தங்கமீன்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை விடாமல் தாரோகாவிடம் உருதுவில் சொன்னேன். கப்பல், செம்புத் தகடு, என் பொய், எல்லாம். அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "அச்சா, பித்தளையா?" என்றார். பிறகு, "ஜானே தோ, முன்ஷிஜி." போகட்டும், விடுங்கள், குமாஸ்தா ஐயா.

அவ்வளவுதான்! ஏழு மாதம் நெஞ்சுக்குள் கிடந்ததை அந்த ஆள் ஒரு வெற்றிலைச் சாற்றோடு விழுங்கிவிட்டார். வழி நெடுக ரூஃபஸ் முணுமுணுத்துக்கொண்டே வந்தார், தாரோகாவைத் திட்டுகிறாரா என்னைத் திட்டுகிறாரா என்று நான் கேட்கவில்லை.

ராயபுரம் விலாசத்துக்குக் கடிதம் எழுதினேன். "இந்த விலாசத்தில் இல்லை" என்று திரும்பி வந்தது. செல்லம்மா அங்கிருந்து புறப்பட்டாரா, இருவரும் வழியில் எதிரெதிராய்த் தாண்டிப் போனார்களா, எதுவும் தெரியவில்லை.

8

இந்தப் பத்திரிகை சென்னையில் அதிகம் விற்கிறது என்று ஆசிரியர் சொல்கிறார். சிரிப்பு இல்லாததற்கு அவர் என்னை மன்னிக்கட்டும்.

நீங்கள் ராயபுரம் பக்கமோ துறைமுகம் பக்கமோ இருப்பவரானால், ஐதராபாத்தில் மீன் பார்த்துக்கொண்டிருந்த பெருமாளைப் பற்றி விசாரியுங்கள். அகப்பட்டால், என் புலம்பல்களையெல்லாம் தாண்டிவிட்டு ஆறாம் பகுதியை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். செல்லம்மா கூட இருந்தால் அவரும் கேட்கட்டும்.

இந்தக் கதையின் முடிவு பெருமாள் வாயிலிருந்து வர வேண்டும். அவர் என்ன சொல்கிறாரோ, கெட்ட வார்த்தையாகவே இருந்தாலும், நீங்கள் எதையும் நயமாக்காமல் அப்படியே எழுதி அனுப்புங்கள். விலாசம்: வேதாசலம், ரயில்வே குவார்ட்டர்ஸ், லாலாகுடா.