ஐம்பது இலைக்கு மேல்

தாம்பரத்தில் ஐசக்கைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி முதலில் சொல்வது ஒன்றுதான்: மனுஷன் சட்டம் என்றால் சட்டம். பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் ஸ்டோர் மேனேஜர். ஒரு நாள் சீசன் டிக்கெட்டை வீட்டில் மறந்துவிட்டு ரயிலேறியவர், அடுத்த ஸ்டேஷனில் தானாகவே இறங்கிப் போய் அபராதம் கட்டிவிட்டு வந்தார். ரேடியோ லைசென்ஸைக் கெடு வருவதற்கு முன்பே புதுப்பித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு டெல்லி என்ற பெயரைக் கேட்டாலே முகம் சிவந்துபோகும்.

"திருடனுக்கு என்ன கவலை? அவன் பாட்டுக்குத் திருடிட்டுப் போயிடுவான். சட்டத்துக்குப் பயந்து நடக்கிறவன் தலையிலதானே எல்லாம் விடியுது" என்பார்.

அவர் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மகள் ஹில்டாவுக்கு நகை செய்யப் போனபோது, பதினாலு காரட்டுக்கு மேல் தங்கம் கூடாது என்று ஆசாரி கையை விரித்தார். பின்கட்டில் ஒரு அறை எழுப்ப சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டியிருந்தது. சர்க்கரைக்குக் கார்டு, அரிசிக்குக் கார்டு. எல்லாவற்றையும் முணுமுணுத்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார். ஆனால் ஹில்டாவின் கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோயிலில் ஞாயிறு ஆராதனையில் முதல் முறை வாசித்த வாரத்தில் வந்த உத்தரவைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அறுபத்தாறாம் வருஷம் அது. மழை பொய்த்து, அமெரிக்கக் கப்பலில் வரும் கோதுமையை நம்பி நாடு உட்கார்ந்திருந்தது. டெல்லியில் போட்ட சட்டத்தின் பேரில், கல்யாண விருந்தில் ஐம்பது பேருக்கு மேல் சாப்பாடு போடக்கூடாது என்று உத்தரவு இறங்கியது. மீறினால் கேஸ்.

"என் பொண்ணு கல்யாணத்துல யார் சாப்பிடணும், யார் பட்டினியாப் போகணும்னு எங்கேயோ இருக்கிற டெல்லியா சொல்றது?" என்று அவர் நியூஸ் பேப்பரை மடக்கி வீசியபோது, அண்ணன் எட்மண்ட் எதிரே உட்கார்ந்திருந்தார்.

எட்மண்ட் தபால் இலாகாவில் இருந்து ரிடையரானவர். குரோம்பேட்டையில் வீடு. சுதந்திரத்துக்கு முன்னாலிருந்தே கதர்தான், காங்கிரஸ்தான். நாட்டில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது, வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று மேலிடத்திலிருந்து கேட்டுக்கொண்டார்கள். எல்லோரும் அதை மறந்தபிறகும் திங்கட்கிழமை ராத்திரி பட்டினி கிடந்தவர் அவர்.

"பீகார்ல ஜனங்க புல்லைப் பறிச்சுத் தின்னுதுடா ஐசக். நீ ஊரைக் கூட்டி பிரியாணி போடணுமா?"

"அவங்களுக்குக் குடுக்கணும்னு என்கிட்ட கேளுங்க, குடுக்கிறேன். என் வீட்டுச் சமையல்கட்டுல வந்து நிக்காதீங்க. இன்னிக்கு இலையை எண்றவன் நாளைக்கு என்ன ஜெபம் பண்ணணும்னும் சொல்லுவான்."

"அந்தப் பையன் வீட்டுச் சகவாசம். அதான் இப்படிப் பேசறே."

அந்தப் பையன் என்றது மாப்பிள்ளை ஜெபராஜை. கேளம்பாக்கத்துக்காரன், தமிழ் வாத்தியார். போன வருஷம் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் ஊர்வலம் போய் ஜெயிலுக்குப் போனவன். எட்மண்டுக்கு அவன் பஸ் கொளுத்துகிற கும்பல். ஜெபராஜுக்கு எட்மண்ட் டெல்லியின் கைத்தடி. நிச்சயதார்த்தத்துக்கே எட்மண்ட் வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஐசக். கிளர்ச்சி, ஊர்வலம் எதுவும் அவருக்கும் பிடிக்காது. ஆனால் பையன் நல்லவன், பொய் பேசமாட்டான், ஹில்டாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. அது போதுமென்று நினைத்தார்.

"என் மாப்பிள்ளையைப் பத்திப் பேசாதீங்க அண்ணா."

"பேசலே. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். ஐம்பதுக்கு மேல ஒரு இலை விழுந்தா, நானே தாலுகா ஆபீசுக்குப் போய்ச் சொல்லுவேன்."

எட்மண்ட் குடையை எடுத்துக்கொண்டு போனவர்தான். அப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

ஊரில் யாருமே ஐம்பதோடு நிறுத்தவில்லை. பந்தியைப் பிரித்து அக்கம்பக்கத்து வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டார்கள். "டிபன்" என்று பேர் மாற்றிப் போட்டார்கள். ஐசக்கின் மனைவி ரத்தினபாயும் அதைத்தான் சொன்னாள். "பின்பக்கம் மேரி அக்கா வீட்டுல கொஞ்சம் பேர், எதிர் வீட்டுல கொஞ்சம் பேர். எல்லாரும் செய்யறதுதானே?"

"கதவைச் சாத்திக்கிட்டு விருந்தாளிக்குச் சோறு போடறதா? அதுக்குப் போடாமலே இருக்கலாம். சட்டம் கேவலமான சட்டம்தான். அதுக்காக நான் கேவலமா நடந்துக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாரே தவிர, ஐம்பது பேர் யார் என்று யோசிக்க உட்கார்ந்தபோதுதான் வினை தெரிந்தது. இரண்டு பக்கத்து நெருங்கிய உறவே அதற்குள் அடங்கவில்லை. கம்பெனியில் இருபது வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவர்கள் எங்கே போவார்கள்? காலரா வந்தபோது ராத்திரி பகலாய் ரத்தினபாயைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் புஷ்பம்? ஒரு பெயரைச் சேர்த்தால் இன்னொரு பெயர் விழுந்தது. கடைசியில் அவர் ஒரு காரியம் செய்தார். மற்றவர்கள் வீட்டுக்கு நேரில் போய், "ஆராதனைக்கு வாங்க, ஆசீர்வாதம் பண்ணுங்க; சாப்பாட்டுக்கு மட்டும் மன்னிச்சுக்குங்க" என்று கைகூப்பினார். கல்யாணத்துக்குக் கூப்பிடப் போகிற தகப்பன் சாப்பிட வராதே என்று சொல்லப் போவது தாம்பரத்திலேயே அதுதான் முதல் முறையாக இருக்கும்.

இரும்புலியூரில் எல்லம்மாவின் வீட்டு வாசலில்தான் அவர் உள்ளே போகத் தயங்கி நின்றார். எல்லம்மாவும் அவள் புருஷன் சவுரிமுத்துவும் சேர்ந்துதான் அவருடைய வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். ஹில்டா பிறந்த வருஷம் அது.

"இன்னா சார், வாசல்லயே நின்னுகினு? உள்ளே வா சார். நம்ம பாப்பாவுக்குக் கண்ணாலமாமே!"

அவர் விஷயத்தைச் சொன்னார். எல்லம்மா முந்தானையால் திண்ணையைத் துடைத்துவிட்டாள். பிறகு சிரித்தாள். "சோத்துக்கா சார் வரோம்? பாப்பாவைப் பாக்க வரோம். நீ ஒண்ணும் பேஜார் பண்ணிக்காதே." அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டு ஸ்டேஷன் வரைக்கும் நடப்பது ஐசக்குக்குப் பெரும்பாடாக இருந்தது.

கல்யாண நாள் வந்தது. கோயில் நிரம்பி வழிந்தது. ஜன்னலோரம், வாசற்படி, வெளியே புளியமர நிழல் வரை ஆட்கள். பாட்டுப் பாடும்போது விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது. அதையும் அமுக்கிவிட்டது சபையின் குரல். ஐசக்குக்கு அந்தச் சத்தம் சந்தோஷத்தைத் தரவில்லை. இத்தனை பேரையும் வெறும் வயிற்றோடு அனுப்பப் போகிறோமே என்றுதான் இருந்தது. கூட்டத்தில் அண்ணன் முகத்தைத் தேடினார். காணோம்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது கோயில் கேட்டருகே ஒரு ஜீப் நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கியவர் தாலுகா ஆபீஸ் சப்ளை இன்ஸ்பெக்டர் பத்ரிநாராயணன்.

"நீங்கதானே ஐசக்? பந்தல் எங்கே சார்? பாக்கணும்."

ஐசக்குக்கு ஒன்றுதான் தோன்றியது. சொன்னபடியே செய்துவிட்டார் அண்ணன். ஒரே வயிற்றில் பிறந்தவர்.

"வாங்க, எண்ணிக்குங்க" என்று கோயிலை ஒட்டிய பந்தலுக்கு அழைத்துப்போனார். ஐம்பது இலைகள் போட்டிருந்தன. ஒன்றுகூட அதிகமில்லை. பத்ரிநாராயணன் இலைகளைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்தார். "அந்தக் கூட்டம்?"

"ஆராதனைக்கு வந்தவங்க. இப்பக் கலைஞ்சுடுவாங்க."

ஆனால் கூட்டம் கலையவில்லை. ஐசக் திரும்பிப் பார்த்தார்.

புளியமரங்களுக்குக் கீழே பாய்கள் விரிந்துகொண்டிருந்தன. கிழிந்த பாய், கோரைப்பாய், பழைய ஜமுக்காளம், பந்தியில் விரிக்கிற துணி. மரத்தடி வேர்களுக்குப் பின்னாலிருந்தும், சைக்கிள் ஹேண்டில்களிலிருந்தும், நிறுத்தியிருந்த மாட்டுவண்டியிலிருந்தும் தூக்குச் சட்டிகள், அடுக்கு டிபன் கேரியர்கள், துணி கட்டிய ஈயப் பாத்திரங்கள் இறங்கின. கம்பெனி நண்பர்கள் பல்லாவரத்திலிருந்து ஒரு பெரிய கறிக்குழம்புத் தேக்சாவைக் கம்பில் மாட்டித் தூக்கி வந்தார்கள். நர்ஸ் புஷ்பம் கையில் ஒரு கூடை. இரும்புலியூர்த் தெருவே வந்திருந்தது. கேட்டுக்கு வெளியே, சேலையூர் ரோட்டில், இன்னும் ஆட்கள் பாத்திரங்களோடு வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், வெள்ளைக் கதர்ச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருக்க, ஒரு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு எட்மண்ட் வந்தார்.



பத்ரிநாராயணன் முதல் பாயருகே போய் நின்றார். அங்கே எல்லம்மா பானையின் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இது யார் போடற சாப்பாடு?"

"இன்னா சார் இப்படிக் கேட்டுட்டே? என் வூட்டுக் களி. என் அடுப்புல நான் கிண்டுனது. அதுக்கும் சட்டம் கீதா?"

அவர் அடுத்த பாய்க்குப் போனார். மக்காச்சோள மாவு உப்புமா. அதற்கடுத்தது மரவள்ளிக் கிழங்கு. இன்னொன்றில் உருட்டத் தெரியாமல் உருட்டிய கோதுமை ரொட்டி. அரிசிச் சோறு அபூர்வமாக எங்கேயோ ஒரு கிண்ணத்தில் இருந்தது. யாரும் தன் பாத்திரத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. களி தேக்சாவின் பக்கம் போயிற்று, கறிக்குழம்பு களியின் பக்கம் வந்தது. ஜெபராஜோடு ஜெயிலிலிருந்த கேளம்பாக்கத்துப் பையன்கள் கதர்க் குல்லாய் வைத்த ஒரு பெரியவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பாத்ததில்லே சார்" என்றார் ஐசக்கிடம், கோயிலுக்குள் பேசுகிற குரலில். "எப்பவும் போல கல்யாண வீடுன்னு ரவுண்டு வந்தேன். எழுத ஒண்ணுமில்லே."

"எங்க அண்ணன்... புகார் குடுக்கலியா?"

"யாரும் குடுக்கலியே."

எல்லம்மா அவரையும் விடவில்லை. "உக்காரு சார். நீ சார் வூட்டு விருந்தாளி இல்லே, என் விருந்தாளி." அவர் ஜீப்பைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

எட்மண்ட் தம்பி பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மரத்தடியையே பார்த்தார்கள்.

"நீங்களா அண்ணா?"

"நீ மன்னிப்புக் கேட்டுட்டு வந்த வீட்டுக்கெல்லாம் பின்னாலயே போனேன். அவங்கவங்க வீட்டுல பொங்கறதை இங்கே கொண்டாந்து சாப்பிடுங்கன்னேன். கேளம்பாக்கத்துக்கும் போனேன். உன் மாப்பிள்ளை கதவைத் திறந்தான், என்னைப் பாத்ததும் வெலவெலத்துப் போயிட்டான்." எட்மண்ட் லேசாகச் சிரித்தார். "ஆனா நான் சொன்னது கொஞ்சம் பேருக்குத்தான். இவ்வளவு பேரை நான் கூப்பிடலே ஐசக். சத்தியமா. அவங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டிருக்காங்க."

அப்போதுதான் பந்தலுக்குள் அது நடந்தது. ஐம்பது இலையில் ஒன்றின் முன் மாலையோடு உட்கார்ந்திருந்த ஹில்டா எழுந்தாள். பரிமாறிய இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, புடவை தடுக்க, வெளியே வெயிலுக்கு வந்து எல்லம்மாவின் பாயில் உட்கார்ந்தாள். ஜெபராஜ் தன் இலையோடு பின்னால் வந்தான். பிறகு சம்பந்தி, பிறகு ரத்தினபாய், பிறகு ஒவ்வொருவராக அத்தனை பேரும். கொஞ்ச நேரத்தில் பந்தல் காலியாகிவிட்டது. பிரியாணி இலைகள் மரத்தடிக் கூட்டத்தில் கலந்து, பிடிப்பிடியாகக் கைமாறி, எது கல்யாண வீட்டுச் சோறு, எது ஊரார் சோறு என்று பிரிக்க முடியாமல் போயிற்று.

இத்தனை காலமும் அரசாங்கம் அதிகமாகக் கேட்கிறது என்றுதான் ஐசக் சண்டை போட்டிருந்தார். யாரும் கேட்காமல், எந்த உத்தரவும் இல்லாமல், இல்லாதவர்கள் இப்படி எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள் என்று அவர் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஜெபம் செய்யத் தோன்றியது, வார்த்தை வரவில்லை. செருப்பை மட்டும் கழற்றினார்.

சவுரிமுத்து ஒரு களி உருண்டையை அவர் கையில் வைத்தான். "துன்னு சார். பொண்ணைப் பெத்தவன் வயிறு காயக் கூடாது." மகள் கல்யாணத்தில் தகப்பன் ஊரார் சோற்றை மண்ணில் உட்கார்ந்து தின்றார். அப்படி ஒரு ருசியை அவர் அதற்கு முன்னும் அறிந்ததில்லை, பின்னும் அறிந்ததில்லை.

சாயங்காலம் எட்மண்டை பஸ் ஏற்றிவிட ஐசக் கூடவே நடந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின.

"இருந்தாலும் அந்த உத்தரவு சரிதான்டா" என்றார் எட்மண்ட்.

"தப்பு அண்ணா. சுத்தத் தப்பு."

"நாடு பசியா இருக்கறப்போ..."

"நாடு பசியா இருக்கறப்போ என்ன செய்யணும்னு நாட்டுக்குத் தெரியாதா? இன்னிக்குப் பாக்கலியா நீங்க?"

அடுத்த வருஷத் தேர்தலில் மூன்று பேரும் மூன்று சின்னத்தில் குத்தினார்கள். ஜெபராஜின் கட்சி கோட்டையைப் பிடித்த அன்று எட்மண்ட் சாப்பிடாமல் படுத்திருந்தார். ஜெபராஜ்தான் குரோம்பேட்டைக்குப் போய் அவரை எழுப்பி உட்கார வைத்தான். ஐசக் டெல்லியைத் திட்டுவதை நிறுத்தவே இல்லை. எமர்ஜென்சி வந்தபோது அவர் போட்ட சத்தத்தில் ரத்தினபாய் ஜன்னலைச் சாத்தினாள்.

ஆனால் அன்று சாயங்காலம் அந்த விவாதம் பாதியிலேயே நின்றுபோனது. பஸ் வந்து, எட்மண்ட் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் கட்சி நியாயத்தை இன்னொரு தரம் சொல்லிவிட்டு, "என்னடா, பதிலே காணோம்?" என்று கேட்டார். ஐசக்கின் காதில் அது விழவில்லை. ரோட்டின் எதிர்ப்பக்கம் வெறும் தூக்குச் சட்டிகளோடு இரும்புலியூர் ஆட்கள் பேசிச் சிரித்துக்கொண்டு வரிசையாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அவர் அங்கேயே நின்றிருந்தார்.