ஆளில்லாத கரை

நோயல் ஊருக்கு வந்து ஒன்பது நாளாகியும் ஓஸ்வால்டின் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்று சந்துகள்தான். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் கப்பல் வேலைக்குப் போனவன் திரும்பி வந்தால் அன்று சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஓஸ்வால்டின் மனைவி லவினாவுக்கும் தெரிந்திருக்கும். நோயல் தினமும் தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவான். தெருமுனைத் தண்ணீர்க் குழாய்வரை போவான். பிறகு வேறு ஏதோ வேலை நினைவுக்கு வந்தவனைப்போல மெயின் ரோடு பக்கம் திரும்பிவிடுவான்.

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து சர்ச் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றவனின் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். ஓஸ்வால்டின் அம்மா நோரா. மகன் போன ஐந்து மாதத்தில் தலை முழுக்க வெளுத்திருந்தது.

"என் புள்ளையோட கடைசியா இருந்தவன் நீதானே, ராஜா. ஒரு வாட்டி வந்து என்னா நடந்துச்சுன்னு சொல்லிட்டுப் போகக்கூடாதா?"

"மத்தியானம் வரேன் ஆன்ட்டி" என்றான் நோயல். சொன்ன பிறகுதான் கையை விட்டாள்.

நோயலும் ஓஸ்வால்டும் பள்ளியில் ஒரே வகுப்பு. ஒரே ஏஜென்ட் மூலமாக ஒரே பயணிகள் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கரீபியன் தீவுகளை வாரம் ஒரு முறை சுற்றிவரும் கப்பல். ஆளுக்குப் பதினாறு அறைகள். படுக்கை விரிக்க வேண்டும், குளியலறை கழுவ வேண்டும், ஈரத் துண்டுகளை மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் கடல்மேலேயே இருந்தும் கடலில் கால் நனைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கப்பல் தீவில் நிற்கும்போது வேலைக்காரர்களுக்கு எப்போதாவது மூன்று மணி நேரம் ஓய்வு கிடைக்கும். அது இருவருக்கும் ஒரே நாளில் கிடைப்பது அபூர்வம்.

தொண்ணூற்றொன்பது பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அப்படிக் கிடைத்தது.

அதற்கு முந்தைய வாரம் இறங்கிப்போன ஒரு தம்பதி, தண்ணீருக்கடியில் பார்ப்பதற்கான கண்ணாடிகள் இரண்டையும் மூச்சுக் குழாய்களையும் அறையிலேயே விட்டுப்போயிருந்தார்கள். நோயல் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குழாய் வழியாக மூச்சுவிட்டபடி மேலாக மிதந்தால் அடியில் பவளப்பாறையும் மீன்களும் தெரியும். பயணிகள் அந்த மீன்களைப் பற்றியே பேசிக்கொண்டு ஈரக் காலோடு அறைக்குத் திரும்புவார்கள். அவர்கள் கொண்டுவந்த மணலை நோயல் கூட்டி அள்ளுவான். ஒரு நாள் நாமும் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தான்.

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கடற்கரை இருந்தது. தண்ணீரில் எல்லைக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். உயரமான மேடைமேல் நீந்துகிறவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு காவலாள் உட்கார்ந்திருந்தான். குளிர்பானக் கடை, பக்கத்தில் டெலிபோன் பூத். ஓஸ்வால்ட் அங்கேயே குளிக்கலாம் என்றான்.

"லவினா ஊர்ல கிருஷ்ணப்பா பூத்துல வந்து உக்காந்திருப்பா மச்சா. அங்க ராத்திரி எட்டு மணின்னு சொல்லிவெச்சிருக்கேன். நமக்குக் காலைல பத்தரை. போன வாட்டி பேசுனப்போ சண்டையாயிடுச்சு. இன்னிக்குப் பேசிட்டா மனசு லேசாயிடும்."

நோயல் கடற்கரையைப் பார்த்தான். பாதிப் பேர் தெரிந்த முகங்கள். போன மாதம் இதே இடத்தில் நனைந்த கால்சட்டையோடு அவன் உட்கார்ந்திருந்தபோது, அவன் சுத்தம் செய்யும் அறையில் தங்கியிருந்த ஒரு பெண்மணி அடையாளம் கண்டுகொண்டு, "நோயல், இன்னும் ரெண்டு துண்டு கிடைக்குமா?" என்று சிரித்தபடி கேட்டிருந்தாள். அவனும் எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தான்.

"இங்க வேணாம் மச்சா, பேஜாரா இருக்கு" என்றான் நோயல். "மூணு மணி நேரமாவது என் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடாத இடமா இருக்கட்டும். லாண்டரில ஒருத்தன் இருக்கானே, இந்தத் தீவுக்காரன், அவன் ஒரு இடம் சொன்னான். அந்தக் குன்றுக்குப் பின்னாடி. ஆளே வரமாட்டாங்களாம். வேன்ல இருபது நிமிஷம்."

"சரி, போன் பண்ணிட்டுப் போலாம்."

பூத்தில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அந்தப் பக்கம் போகிற வேன் ஏறக்குறைய நிரம்பி, ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"வந்து பண்ணிக்கலாம்டா. அவ எங்க போயிடப்போறா?" என்று சொல்லி நோயல் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். ஓஸ்வால்ட் பூத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு ஏறினான்.

வேன் விட்ட இடத்திலிருந்து முட்புதர்களுக்கு நடுவே ஒற்றையடிப்பாதை. அது முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு கரை. சொன்னபடியே ஒரு ஆள் இல்லை, படகு இல்லை. கப்பலில் எந்த நேரமும் காலடியில் இஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். இங்கே அந்த அதிர்வுகூட இல்லாதது நோயலுக்கு உடம்பெல்லாம் இதமாக இருந்தது. ஓஸ்வால்ட் கணுக்கால்வரை இறங்கி நின்று, "யாராச்சும் இருந்தா நல்லாருந்திருக்கும்" என்றான். இருவருக்கும் தெரிந்தது அல்சூர் நீச்சல் குளத்தில் கற்ற நீச்சல்தான்.

"பாறை இதோ இருக்கு. ஆழமே இல்ல" என்று நோயல் முதலில் இறங்கினான்.

முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் தன் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மஞ்சளும் நீலமுமாக மீன்கள் கூட்டமாக வந்தன. கையை நீட்டினால் விலகின, மடக்கினால் திரும்பி வந்தன. ஒரு முறை தலையைத் தூக்கினபோது ஓஸ்வால்ட் பத்தடி தள்ளி மிதந்துகொண்டிருந்தான். அடுத்த முறை தூக்கினபோது இல்லை. கரையும் அவன் நினைத்த தூரத்தில் இல்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் இருவரையும் வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அலை இல்லை, சத்தம் இல்லை. இழுப்பது தெரியவே இல்லை.

நோயல் கத்தினான். கத்திக்கொண்டே வட்டமடித்தான். தொண்டைக்குள் உப்புத் தண்ணீர் போய், கை சோர்ந்து, தானும் முங்கிவிடுவோம் என்று பயம் வந்ததும் கரையைப் பார்த்து நீந்தினான். முள்ளில் வெறுங்காலோடு சாலைக்கு ஓடினான். முதல் வண்டி வர இருபது நிமிடம் ஆயிற்று. மீன்பிடிப் படகுகள் இருட்டும்வரை தேடின. மறுநாள் காலை உடல் கிடைத்தபோது கப்பல் அடுத்த தீவில் இருந்தது. நோயலும் அதில்தான் இருந்தான்.

கப்பலின் பாதுகாப்பு அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? அனுமதி இல்லாத கரைகளில் வேலைக்காரர்கள் இறங்கக் கூடாது என்று விதி இருந்தது.

"அவன்தான். அவனுக்குத்தான் இடம் தெரியும்" என்றான் நோயல்.

செத்துப்போனவனை யார் வேலையை விட்டு அனுப்பப்போகிறார்கள் என்று அந்த நிமிடத்தில் தோன்றியது. அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து மூடிய பெட்டி பெங்களூர் வந்து சேர்ந்தது. நோயல் ஜூலைவரை அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

மத்தியானமும் மழை விடவில்லை. லவினாதான் கதவைத் திறந்தாள். "வாங்கண்ணா" என்றாள். மெலிந்து, கழுத்தெலும்பு தெரிந்தது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போவதாக நோயலின் அம்மா அவனிடம் சொல்லியிருந்தாள். ஒரு அறையும் சமையலறையுமான வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்பது உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நோரா தண்ணீர் கேட்டதுகூடச் சுவரைப் பார்த்துத்தான்.

நோரா பீரோவிலிருந்து கம்பெனிக் கடிதத்தை எடுத்து அவன் மடியில் வைத்தாள். இங்கிலீஷில் டைப் அடித்த ஒரே பக்கம். இறந்தவர் தாமாகவே தேர்ந்தெடுத்த, பாதுகாப்பற்ற, ஆளில்லாத இடம் என்று அதில் இருந்தது.

"அல்சூர் ஏரிக்கரையிலகூடத் தள்ளி நின்னுதான் பாப்பான் என் புள்ள. அவனே இடம் பாத்துப் போனானாம்! மனசு சரியில்லாதவன்தான் அப்படிப் போவான். பொண்டாட்டி நிம்மதியா வெச்சிருந்தா ஏன் போறான்?"

லவினா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். பலமுறை கேட்டுப் பழகியவள்போல அவள் முகம் மாறவில்லை.

"தினம் இதத்தான் சொல்றாங்க" என்றாள் நோயலிடம். "சண்டை போட்டது நெஜம்தான். இந்தக் கான்ட்ராக்டோட போதும், இனிமே கப்பல் வேணாம்னேன். டக்குனு போனை வெச்சுட்டாரு. அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கே போய் பூத்துல உக்காந்தேன். எட்டாச்சு, எட்டரையாச்சு. கிருஷ்ணப்பா ஷட்டரைப் பாதி எறக்கிட்டு எனக்காக உக்காந்திருந்தாரு. போன் வரல. கோவத்தோடயே போயிட்டாரா? அது மட்டும் சொல்லுங்கண்ணா. என்னைப் பத்தி என்னா சொன்னாரு?"

இந்தக் கேள்விக்கு நோயல் ஐந்து மாதமாக ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தான். சந்தோஷமாகத்தான் இருந்தான், ஒன்றும் சொல்லவில்லை என்று. ஆனால் மடியில் இருந்த கடிதத்தில் அவனுடைய பொய் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைச் சொல்ல வாய் வரவில்லை.

"கோவமே இல்ல லவினா. உன்கிட்ட பேசணும்னுதான் நின்னான். பேசிட்டா மனசு லேசாயிடும்னான்."

"அப்ப ஏன் பண்ணல?"

"நான்தான் விடல."

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்தாமல் சொன்னான். காவலாள் இருந்த கரை, பூத், வேன், தான் தள்ளியது, எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே சொன்னான். "எடத்தைச் சொன்னதும் நான்தான். ஆளில்லாத எடம் வேணும்னு கேட்டது நான். கப்பல்ல விசாரிச்சப்போ அவன்தான்னு சொல்லிட்டேன்."

"ஏன்டா?" என்றாள் நோரா.

"வேலை போயிடும்னு பயந்துட்டேன் ஆன்ட்டி."

நோரா கடிதத்தை அவன் மடியிலிருந்து எடுத்தாள். எடுத்தவளுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு, அவன் வந்ததிலிருந்து முதல் தடவையாக, மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "இத்தனை நாளா உன்னைப் போய் நான்…"

"விடுங்கம்மா" என்றாள் லவினா. அதில் மன்னிப்பு இல்லை. அந்தப் பேச்சை இனிமேல் கேட்க முடியாது என்பதுபோல இருந்தது. அவள் நோயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரிசையில எத்தனை பேரு?"

"ஏழெட்டுப் பேரு."

"கால் மணி நேரம் ஆகுமா?"

"ஆகும்."

"கால் மணி நேரம்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கதவருகே போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். "நீங்க போங்க" என்றாள்.

நோயல் குடையை எடுக்க மறந்து நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தான்.

அந்த வாரமே கம்பெனிக்கு உண்மையை எழுதி அனுப்பினான். இரண்டு மாதம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. விசாரணை முடிந்து கோப்பு மூடப்பட்டுவிட்டது என்றார்கள். அடுத்த கான்ட்ராக்டுக்கு அவனைக் கூப்பிடவில்லை. அவனும் கேட்கவில்லை. ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் சேர்ந்தான். கடல் கனவில் வருவதில்லை. ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது தன் மூச்சே காதில் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுவான்.

லவினா கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீலசந்திராவிலிருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மாமியாரோடு சண்டை ஒன்றும் இல்லை என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் நோயல் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். நீலசந்திராவுக்குப் போகாத ஒரு பஸ்ஸில் ஏறிப் போனாள்.

நோரா தனியாக இருந்தாள். ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கிவர ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நோயல் கேனை எடுத்துப் போய் வாங்கி வந்து வைப்பான். முதல் மூன்று வாரம் அவன் கேனை வைத்ததும் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான்காவது வாரம் டீ போட்டுக் கொடுத்தாள்.

"நீ வர்றதால என் கோவம் போயிடுச்சுன்னு நெனைக்காதே" என்றாள்.

"நெனைக்கல ஆன்ட்டி."

"சாகுறவரைக்கும் போகாது."

"தெரியும்."

"ஆனா வா. அவனைப் பத்திப் பேச எனக்கு வேற யாரு இருக்கா?"

நோயல் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். அவள் ஏழாம் வகுப்பில் ஓஸ்வால்டுக்கு அம்மை போட்டதிலிருந்து ஆரம்பித்தாள்.