எகாஷிராவைக் காணோம்

என் மனைவி சிஹோ இறந்த பிறகு வந்த முதல் ஒபோன். இறந்தவர்களின் ஆவி வீடு திரும்பும் நாள் என்பதால் துக்கம் கேட்கிறவர்களும் வருவார்கள். மாமியார் காலையிலேயே வந்து, சுட்ட சேற்றுமீன்களை மகளின் படத்துக்கு முன்னால் வைத்தார். பக்கத்துத் தொட்டியிலிருந்து அவற்றின் சின்ன உறவு ஒன்று கண்ணை உருட்டிப் பார்த்தது.

அது சிஹோ வளர்த்த மீன், தண்ணீரை விட்டு வெளியே வந்து தாவித் திரியும் வகை. பாதித் தொட்டி சேறு, பாதி உப்புத்தண்ணீர். எந்நேரமும் சேற்றின்மேல் கன்னத்தை உப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் தன் ஆபீஸ் மேலாளர் எகாஷிராவின் பெயரை அதற்கு வைத்தாள்.

எட்டு மாதமாக நான் மறக்காமல் செய்த ஒரே வேலை அதற்கு இரை போடுவது. என் சாப்பாட்டைப் பல நாள் மறந்திருக்கிறேன்.

அன்று மூடியைத் திறந்து இறால் துணுக்கைப் போடும்போது வாசல் மணி அடித்தது. நிஜ எகாஷிரா, கறுப்புக் கோட்டில், மழையில் நனைந்து நின்றார். ஊதுவத்தி ஏற்றி, படத்துக்கு முன்னிருந்த சின்ன மணியைத் தட்டிக் கும்பிட்டுவிட்டு மண்டியிட்டு அமர்ந்தார். சிஹோ போனபின் ஆபீஸே ஊமையாகிவிட்டது என்றார். நான் தலையாட்டினேன். அப்போதுதான் தொட்டியைப் பார்த்தேன். மூடி திறந்திருந்தது. சேற்றின்மேல் எதுவும் இல்லை.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தோல் காய்ந்தால் அது பிழைக்காது.

"எகாஷிராவைக் காணோம்," என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

"இங்கதான் இருக்கேன் தம்பி," என்றார் அவர் மெதுவாக. எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்.

மாமியார் எதையும் மறைக்காமல் விளக்கினார், பெயர் வைத்த காரணம் உட்பட. நான் அலமாரிக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

"தேடாதீங்க மாப்ள. மிதிச்சே கொன்னுடுவீங்க," என்றார் மாமியார். அவர் சேற்றுக்கரையில் பிறந்து வளர்ந்தவர். "ஏசிய நிறுத்திட்டு அங்கங்க ஈரத்துணி போடுங்க. ஈரம் இருக்கிற எடத்துக்கு அதுவா வரும்."

நான்கு ஈரத்துண்டுகளை விரித்தோம். மூவரும் அசையாமல் உட்கார்ந்தோம். வேர்த்துக் கொட்டியது. பத்து நிமிடம் போனது. இருபதும் போனது.

"தம்பி," என்றார் எகாஷிரா, உதட்டை அசைக்காமல். "கால்ல என்னமோ ஏறுதுன்னு நினைக்கிறேன். கால் மரத்துப்போச்சு, சரியாத் தெரியல."

எட்டிப் பார்த்தேன். நான்கு துண்டுகளையும் விட்டுவிட்டு, மழையில் ஊறிய அவருடைய காலுறையின்மேல் அது உட்கார்ந்திருந்தது.

"சீக்கிரம் எடுங்க," என்றார்.

"ஆடாதீங்க சார்," என்றார் மாமியார். "அசையாம உட்கார்றதுல உங்கள மிஞ்ச ஆளில்லைன்னு என் பொண்ணு சொல்லுவா."

உப்புத்தண்ணீரில் கையை நனைத்து அதை அள்ளிக்கொண்டு போய்ச் சேற்றில் விட்டேன். ஒருமுறை தண்ணீரில் புரண்டது. மேலே ஏறி வந்து கன்னத்தை உப்பியது. என் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

நாங்கள் இருவரும் தாங்கிப் பிடிக்க, எகாஷிரா நொண்டிக்கொண்டே தொட்டிக்கு வந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

"கன்னம் மட்டும்," என்றார் மாமியார்.

எகாஷிரா திரும்பிப் போய் சிஹோ படத்துக்கு முன் இன்னொரு முறை மணியைத் தட்டினார். புகார் சொல்லியிருப்பார். நான் மூடியைப் போட்டு, இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன்.

பிறகு மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்குப் பசித்தது. சுட்ட மீன் தட்டை, தொட்டியிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கமாக எகாஷிரா நகர்த்தி வைத்தார்.