அது நம்ம கோல் இல்லை

ஏழு விநாடிதான் கணக்கு. பந்து எதிரணியிடம் போன நொடியிலிருந்து ஏழு எண்ணி முடிப்பதற்குள் அதைத் திரும்பப் பிடுங்கிவிட வேண்டும். புது கோச் யாசென் கோட்டுக்கு வெளியே நின்று சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். ஜூலை மாதம். காலை ஒன்பது மணிக்கே கமெனோவோ மைதானத்தின் புல் சூடேறிவிட்டது. மின் நிலையப் புகைபோக்கிக்கு மேலே வானம் வெளுத்துக் கிடந்தது.

"அஞ்சு... ஆறு... கலின், எங்க இருக்கீங்க? ஏழு!"

கலின் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. குனிந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. முப்பத்து மூன்று வயது; ஆறடி நாலங்குல உயரம். போன சீசனில் பதினேழு கோல் போட்டிருந்தான். அதில் பதினொன்று தலையால் முட்டிப் போட்டவை. கமெனோவோ அணி இரண்டாம் பிரிவிலிருந்து கீழே விழாமல் தப்பியது அந்தப் பதினேழில்தான்.

"மறுபடியும்," என்றார் யாசென்.

இடது ஓரத்திலிருந்து லூபென் நொண்டுவது போல நடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தான். "மச்சான், நாம கால்பந்து ஆட வந்தோமா, பஸ்ஸைத் துரத்த வந்தோமா?"

"வாயை மூடிக்கிட்டு ஓடு. எண்ண ஆரம்பிச்சுட்டாரு."

பதினொரு வருடமாக அந்த அணியின் தாக்குதல் என்றாலே இவர்கள் இரண்டு பேர்தான். லூபென் இடது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோய், தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்காமல் தூக்கி உள்ளே போடுவான். தூரத்துக் கம்பத்துக்குப் பக்கத்தில் கலின் எழும்புவான். எதிரணிக்காரர்களுக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாது. கலினின் மகளுக்கு ஞானத்தகப்பன் லூபென்தான்.

வசந்த காலத்தில் கிளப் கைமாறியது. புது நிர்வாகம் ஊரெங்கும் 'புது சீசன், புது ஆட்டம்' என்று சுவரொட்டி ஒட்டியது. தலைநகரிலிருந்து யாசெனைக் கூட்டி வந்தார்கள். கலினைவிட இரண்டே வயது மூத்தவர். எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் உடை மாற்றும் அறையில் பலகையில் மைதானத்தை வரைந்து, இரண்டு ஓரங்களையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"இங்கேயிருந்து பந்தைத் தூக்கி உள்ளே போடுறது லாட்டரிச் சீட்டு வாங்குற மாதிரி. நூறு தடவை போட்டா ரெண்டு கோல் வரும். இனிமே பந்து தரையை விட்டு எழும்பக் கூடாது. சின்னச் சின்னப் பாஸ். பந்து போச்சுன்னா முதல்ல ஓடிப் பிடுங்க வேண்டியது நம்ம முன்வரிசை ஆள்."

"அந்த ரெண்டு கோலையும் நான்தான் போட்டேன், கோச்," என்றான் கலின். அறையே சிரித்தது.

யாசெனும் சிரித்தார். "உண்மைதான். மிச்சம் தொண்ணூத்தெட்டு தடவை என்ன ஆச்சுன்னுதான் நான் யோசிக்கிறேன்."

கலினின் வலது முழங்காலுக்குள் சவ்வு கிழிந்திருந்தது. மார்ச் மாதத்திலேயே ஸ்கேனில் தெரிந்துவிட்டது. அணி கீழே விழுகிற நிலையில் இருந்ததால், சீசன் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதே காலோடு பன்னிரண்டு ஆட்டம் ஆடினான். பழைய ஆட்டத்தில் அவன் பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருப்பான். எழும்பும்போது இடது காலை ஊன்றி எழும்புவான். அதனால் சமாளித்தான். இந்தப் புது ஆட்டத்தில் நிற்கவே இடமில்லை. ஓட வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி ஓட வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் கோஸ்தாவின் அறையில் போய்ப் படுத்தான். கோஸ்தா இருபது வருடமாக ஆட்டக்காரர்களின் கால்களைப் பிடித்துவிடுகிறவர். வீங்கிய முழங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஊசியை எடுத்தார். சிரிஞ்சில் மஞ்சளாக நீர் ஏறியது. ஒன்று நிறைந்தது. இரண்டாவதும் பாதிக்கு மேல் வந்தது.

"ஆபரேஷன் பண்ணிக்கோடா."

"இப்பப் பண்ணா மூணு மாசம் படுக்கணும், அண்ணே. ஆகஸ்ட் கடைசியோட என் ஒப்பந்தம் முடியுது. நான் ஓடுறதைப் பார்த்தாதான் யாசென் எழுதிக் குடுப்பாரு."

"இப்படி ஓடினா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எதுக்குடா என்கிட்ட வர்ற?" கோஸ்தா பஞ்சை வைத்து அழுத்தினார். "பிடிச்சுக்கோ. வியாழக்கிழமை மறுபடியும் வா."

அந்தச் சனிக்கிழமை முதல் நட்பு ஆட்டம். ஆற்றுக்கு மேல் பக்கத்து ஊர் அணி வந்திருந்தது. முந்நூறு பேர் இருப்பார்கள். எல்லோரும் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தொலியைக் காலடியில் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கமெனோவோ ஆட்டக்காரர்கள் பந்தைத் தங்களுக்குள் தட்டித் தட்டி விளையாடினார்கள். எழுபது நிமிடம் பந்து இவர்களிடம்தான் இருந்தது. கோலை மற்றவர்கள் போட்டுவிட்டார்கள்.

"தூக்கிப் போடுங்கடா!" படிக்கட்டிலிருந்து ஒரு குரல் கத்தியது. "கொத்தனார் வேலையா பாக்குறீங்க, ஒவ்வொரு செங்கல்லா வெச்சுக்கிட்டு?"

கலின் அன்று நன்றாகவே ஓடியிருந்தான். ஊசி போட்டுக்கொண்டு வந்ததில் முழங்கால் மரத்துக் கிடந்தது. எழுபத்து மூன்றாவது நிமிடத்தில் இடது ஓரத்தில் லூபெனுக்குப் பந்து கிடைத்தது. முன்னால் யாருமில்லை. கலின் கையைத் தூக்கினான். யோசித்துத் தூக்கவில்லை, கை தானாகப் போயிற்று. லூபென் நிமிராமல் பந்தைத் தூக்கிப் போட்டான். இரண்டு தடுப்பாளர்களுக்கு மேலே கலின் எழும்பினான். நெற்றியில் பட்ட பந்து தரையில் ஒருமுறை குத்தி வலைக்குள் போயிற்று.

முந்நூறு பேரும் எழுந்துவிட்டார்கள். லூபென் ஓடிவந்து முதுகில் ஏறினான். இறங்குவதற்குள் ஆள் மாற்றும் எண் பலகை உயர்ந்துவிட்டது. ஒன்பது. கலினின் எண்.

யாசென் கோட்டருகே கை கொடுத்தார். தண்ணீர் பாட்டிலையும் அவரே எடுத்து நீட்டினார். "அருமையான கோல், கலின். நிஜமாவே சொல்றேன். ஆனா அது நம்ம கோல் இல்லை."

"புரியல, கோச்."

"நாம இப்பக் கத்துக்கிட்டு இருக்கிற ஆட்டத்துல அந்தக் கோல் வராது. அது வந்தா பசங்க பழசுக்கே திரும்பிடுவாங்க."

கலின் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்தான். பின்னாலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். திரும்பிப் பார்க்காமல் இருந்தான். யாசென் பார்த்துவிடுவாரோ என்றிருந்தது.

அதன் பிறகு பத்து நாள், முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஓடினான். முதல் ஆளாக வந்தான். ஏழுக்குள் போய்ச் சேராவிட்டாலும் எட்டில் சேர்ந்தான். வீட்டுக்குப் போனால் மூன்றாவது மாடிக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். பின்னலாடைத் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வந்த அவன் மனைவி ராதோஸ்தினா, உறைய வைத்த பட்டாணிப் பொட்டலத்தை முழங்காலில் வைத்துத் துணியால் கட்டுவாள்.

"அந்தப் புது கோச் ஆளு நல்லவனா கெட்டவனா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நல்லவருதான். மரியாதையாப் பேசுறாரு."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

இரண்டாவது நட்பு ஆட்டம் ஜூலைக் கடைசியில் வெளியூரில் நடந்தது. கலின் ஐம்பதாவது நிமிடத்தில்தான் இறங்கினான். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது லூபென் மறுபடியும் இடது ஓரத்தில் தனியாகக் கிடைத்தான். கலினைப் பிடித்திருந்த தடுப்பாளன் கால் இடறி விழுந்துவிட்டான். தூரத்துக் கம்பத்தருகே கலின் ஒற்றை ஆளாக நின்றான். கையைத் தூக்கினான். லூபென் நிமிர்ந்தான். எப்போதும் நிமிராதவன் அன்றைக்கு நிமிர்ந்து, கலினை நேராகப் பார்த்தான். பிறகு பந்தைத் திருப்பி நடு மைதானத்துக்குத் தட்டிவிட்டான்.

ஊர் திரும்பி, கிளப் வாசலில் லூபெனின் காரில் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். லூபென் சாவியைப் போட்டான், திருகவில்லை.

"நான் கை தூக்கினதைப் பாத்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லு," என்றான் கலின்.

"பாத்தேன்."

கலின் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

"முந்தாநேத்து கோச் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு வீடியோ காட்டினாருடா. அந்த கோலை நாலு தடவை ஓட்டினாரு. 'இது இன்னொரு தடவை நடந்தா உங்களைப் பத்தி நான் யோசிக்க வேண்டியிருக்கும்'னாரு. என்னைத் தடுப்புக்கு மாத்துறாராம். ரெண்டு வருஷம் எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்காரு." லூபென் ஸ்டியரிங்கில் உள்ளங்கையைத் தேய்த்தான். "எனக்கும் முப்பத்திரண்டு முடிஞ்சிருச்சு, மச்சான். நம்ம ஊர்ல இருந்த சுரங்கமும் மூடியாச்சு. வேற எங்க போவேன் நான்? திட்டணும்னா திட்டிடு. இப்படி உக்காராதே."

"எதுக்குத் திட்டணும்?"

"என் கால் கூசிச்சுடா. சத்தியமா. அந்தப் பந்தைத் தட்டும்போது கால் கூசிச்சு."

"வண்டியை எடு," என்றான் கலின். "சந்தை மூடுறதுக்குள்ள போகணும். ராதோஸ்தினா குடைமிளகாய் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கா."

ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை நிர்வாகியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். வருத்தம் தெரிவித்தார். கோச்சின் அறிக்கையில் கலினின் உழைப்பைப் பற்றி நல்ல விதமாகவே எழுதியிருப்பதாகவும் சொன்னார்.

"என் முழங்கால்?" என்றான் கலின். "இந்த கிளப்புக்கு ஆடித்தான் போச்சு."

"அதுக்குத்தான் காப்பீடு இருக்கே. நீங்க எங்க ஆளா இருக்கிற வரைக்கும் ஆபரேஷன் செலவு எங்களோடது. எப்ப தேதி குடுத்திருக்காங்க?"

"இருபத்தெட்டு. மார்ச்லயே வரிசையில பேரு குடுத்து வெச்சது."

"ரொம்ப நல்லது. முப்பத்தொண்ணு வரைக்கும் நீங்க எங்க ஆளுதான்." அவர் ஒரு தாளைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார். "ஒண்ணே ஒண்ணு. அதுவரைக்கும் பயிற்சிக்குத் தவறாம வரணும். வரலைன்னா நீங்களா விலகினதா ஆயிடும். அப்புறம் காப்பீடும் நின்னுபோயிடும். விதி அப்படி."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு வந்து என்ன பண்றது?"

"வந்தாப் போதும். மிச்சத்தைக் கோச் பாத்துப்பாரு."

அன்று குடியிருப்பு முழுவதும் குடைமிளகாய் சுடும் வாசனை. எல்லா பால்கனிகளிலும் இரும்புத் தகடு போட்டு, குளிர்காலத்துக்குப் பதப்படுத்தி வைக்கச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ராதோஸ்தினா சுட்ட மிளகாயின் கருகிய தோலை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். விரல்கள் சிவந்திருந்தன.

"போகாதே," என்றாள். "பதினொரு வருஷம் ஆடினவன் அங்க போய்ச் சும்மா நிப்பியா? எனக்கே வயிறு எரியுது."

"ஆபரேஷன்?"

அவள் அடுத்த மிளகாயை எடுத்தாள். காம்பைக் கிள்ளி, விதையைத் தட்டி, தோலை உரித்தாள். அதை முடித்து இன்னொன்றையும் எடுத்தாள்.

"காலையில அயர்ன் பண்ணின சட்டை போட்டுட்டுப் போ," என்றாள் கடைசியில்.

லீக் தொடங்கும் வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு ஒரு சின்ன லாரி வந்து வாசலில் நின்றது. யாசென் ஜூனிலேயே கேட்டிருந்த பொம்மைகள்: ஆளுயரத்தில் மஞ்சள் பிளாஸ்டிக்கில் செய்த தடுப்பாளர்கள், முகம் இல்லாமல், கீழே கனமான அடித்தட்டோடு. எதிரணி நிற்கும் இடங்களில் இவற்றை நிறுத்திவிட்டு இடையில் பந்தைத் தட்டிப் பழக வேண்டும். கலினும் கோஸ்தாவும் அவற்றை இறக்கி உள்ளே சுமந்தார்கள். கலின் தோளில் ஒவ்வொன்றாக வைத்து, வலது காலை மடக்காமல் நடந்தான்.

ஐந்து வர வேண்டும். ஐந்தாவதன் அடித்தட்டு வழியிலேயே உடைந்திருந்தது. நிறுத்திப் பார்த்தார்கள், சாய்ந்து விழுந்தது.

யாசென் சுற்றிலும் பார்த்தார். ஆட்டக்காரர்கள் எல்லோரும் அவரவர் இடத்தில் தயாராக நின்றார்கள்.

"கலின், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் அந்த இடத்துல நிக்கிறீங்களா? ஓட வேண்டாம். பந்தைத் தொடவும் வேண்டாம். காலுக்கும் சிரமம் இருக்காது."

கோஸ்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கலின் அவர் கையை லேசாகத் தொட்டுவிட்டுப் போனான். நான்கு பொம்மைகளுக்கு நடுவே, காலியாக இருந்த இடத்தில் போய் நின்றான்.

ஊதல் ஒலித்தது. பந்து தரையோடு வந்தது. ஒரு பாஸ், இரண்டு பாஸ். இடது பக்கம் லூபென் வாங்கி, கலினுக்கும் பக்கத்துப் பொம்மைக்கும் இடையில் தட்டினான். பந்து கலினின் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒன்பதாம் எண் சட்டை போட்ட புது ஆள் ஓடிவந்து அதை எடுத்துக்கொண்டான். தோள் உரசியதில், "மன்னிச்சுக்கோங்க அண்ணே," என்று சொல்லிக்கொண்டே போனான்.

"நல்லா இருக்கு! இன்னும் கொஞ்சம் இடம் குறையணும்," என்றார் யாசென். கையில் இருந்த தாளைப் பார்த்தபடி மைதானத்துக்குள் வந்தார். முதல் பொம்மையைத் தோளைப் பிடித்துச் சற்று முன்னால் நகர்த்தினார். இரண்டாவதைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். அடுத்து கலினிடம் வந்தார். தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவனுடைய இரண்டு தோள்களையும் பிடித்து, அரையடி இடது பக்கம் நகர்த்தினார். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுத்த பொம்மைக்குப் போனார்.