முதுகோடு முதுகு

அந்தச் சலவைக்கூடத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை, கண்ணுகளா. ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கிற இடம். எந்திரங்கள் சுழலத் தொடங்கினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. எல்லாம் கைதான். கன்னத்தில் விரல் வைத்தால் சூப்பர்வைசர் வருகிறார். உதட்டருகே கட்டைவிரலைச் சாய்த்தால் டீ. கேலியும் கையாலேயே நடக்கும். தோள்கள் குலுங்குவதை வைத்துத்தான் சிரிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மடிப்பு மேசையில் ஓர் அண்ணியும் நாத்தனாரும் எதிரெதிரே நிற்பார்கள். அண்ணிக்குக் காது போய் வெகுகாலம். அந்த எந்திரங்கள் தின்ற காது. கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆபீசுக்குத் தெரியாது. தெரிந்தால் எந்திரத்தருகே நிற்க விடமாட்டார்கள். அவள் கணவன் இடுப்பு ஒடிந்து கட்டிலோடு கிடந்தான். அந்த வீட்டில் உலை வைத்தது அவள் சம்பளம்தான்.

புது மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று கொஞ்ச நாள் பார்த்தார். ஒரு வாயும் அசையவில்லை.

"இவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசுறதே இல்லையே! அதான் வார்டு துணியெல்லாம் மாறிப் போகுது" என்று முடிவுகட்டினார். வாயைப் பார்த்த மனிதர் கையைப் பார்க்கவில்லை. பேச்சுத்திறன் கற்றுத்தர வெளியிலிருந்து ஒரு நிபுணர் அம்மாளை வரவழைத்தார். பஞ்சு போன்ற குரல். பெண்கள் வைத்த பெயர் 'சர்க்கரைவாய்'.

பயிற்சி மாடி அறையில். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அண்ணி நாத்தனாரின் கையைத் தேடினாள்.

"என்னையே பாருங்க அண்ணி, யார் என்ன கேட்டாலும் நான் சொல்றேன்" என்றது நாத்தனாரின் கை. எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குப் பிடிச்ச நிறம் எது, அக்கா?" என்று நிபுணர் கேட்டார்.

நாத்தனாரின் விரல்கள் மடியில் அசைந்தன.

"வெள்ளை இல்லாத எதுவும்" என்றாள் அண்ணி. அறையே சிரித்தது.

"அருமை! இந்த அக்கா எவ்வளவு கவனமா கேக்குறாங்க, பாருங்க! எல்லாரும் இவங்ககிட்ட கத்துக்கணும்."

அந்தப் பாராட்டுதான் எமனாக வந்தது. அடுத்த பயிற்சி முதுகோடு முதுகு நிற்பது. ஒருவர் சொல்வதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். "நல்லாக் கேக்குற நம்ம அக்காவே முதல்ல வரட்டும். சார், நீங்களும் வாங்க" என்று மேனேஜரையும் அழைத்தார்.

அண்ணியைச் சுவரைப் பார்க்க நிறுத்தினார்கள். நாத்தனார் சுற்றிக்கொண்டு முன்னால் ஓடினாள். நிபுணர் செல்லமாகத் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"உதவி பண்ணக் கூடாது, தங்கம்."

"அவங்களுக்கு உடம்பு சரியில்லைங்க மேடம். நான் நிக்கிறேனே!"

"நல்லாத்தானே இருக்காங்க?"

மேனேஜர் ஒரு வாக்கியம் சொன்னார். பதில் இல்லை. உரக்கச் சொன்னார். பிறகு திரும்பி அவள் காதருகே கை தட்டினார். அண்ணி சுவரைப் பார்த்துச் சிரித்தபடி, யாராவது தொடங்கட்டும் என்று காத்து நின்றாள்.

எந்திரத்துக்கு முன்னால் அணை உடைந்த மாதிரி பேசுகிற அத்தனை கைகளும் அசையாமல் கிடந்தன.

மறுநாள் மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வதென்று அவரும் கற்றிருந்தார்: முதலில் பாராட்டு, நடுவில் விஷயம், கடைசியில் பாராட்டு. அண்ணியின் கண்ணைப் பார்த்து, கனிவாகச் சொன்னார்.

"உங்க வேலை சுத்தமான வேலைம்மா. உங்க பாதுகாப்புக்காகத்தான், நாளையிலிருந்து வர வேணாம். உங்களை மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம்."

"என்னடி சொல்றாரு?"

நாத்தனாரின் கை முதல் வாக்கியத்தைச் சொன்னது. நடுவில் தடுமாறியது. தாவிப் போய்க் கடைசி வாக்கியத்தைச் சொன்னது.

அண்ணியின் முகம் விளக்கேற்றிய மாதிரி ஆனது. கைகூப்பினாள். "ரொம்ப நன்றிங்க சார்!"

மேனேஜர் நெகிழ்ந்துபோனார். "பார்த்தீங்களா, பதமா சொன்னா எவ்வளவு நல்லா ஏத்துக்கிறாங்க!" என்று நாத்தனாரிடம் சொன்னார். "பயிற்சி வீண் போகல."

"வாடி, விரிப்பு குவிஞ்சு கிடக்கும்" என்று அண்ணி முன்னால் நடந்தாள்.