தற்போது இருக்குமிடம்

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே குடும்பத் தலைவர் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஐந்து மாதமாக இதே கூத்துதான். கேஸ் தீர்ந்துவிட்டது என்று மனைவி பக்கத்தில் நின்று கத்தினாலும் அவர் காதில் விழாது. கடன் வசூல்காரன் வண்டி இரண்டு தெரு தள்ளி வந்தாலே விழுந்துவிடும்.

"நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் மனைவி, அந்தத் தெருவின் தையல்காரி, பள்ளிச் சீருடைச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி நின்றாள். அவளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அன்று மூன்று மணிக்குள் பணம் கட்டவில்லையென்றால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். காலரை முடித்ததும் கிளம்புவது என்று பேச்சு.

வசூல்காரன் உள்ளே வந்தான். முப்பது வயதுகூட இருக்காது. வாசல் கதவைச் சாத்தவில்லை. இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்தான். அதுதான் அவன் தொழில் சூட்சுமம். கடனுக்குப் பயப்படாதவர்கள்கூடத் தெருவுக்குப் பயப்படுவார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்து, அதற்குச் சம்பளமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார் இருக்காரா?"

"உங்க பேப்பர்ல என்ன எழுதியிருக்கு?"

"வெளியூர்னு."

"அப்புறம் என்ன கேள்வி?"

அவன் பையிலிருந்து இரண்டு பக்கப் படிவம் ஒன்றை எடுத்தான். மேலே பெரிய எழுத்தில் 'குடும்ப நிதிநிலை விவரம்' என்று அச்சடித்திருந்தது. "புதுசா வந்திருக்கும்மா. கேக்கறதுக்கு மட்டும் சட்டுனு பதில் சொல்லு, போயிட்டே இருக்கேன். பாலுக்கு மாசம் எவ்வளவு ஆகுது?"

தெருவுக்கே கேட்கும் குரல். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடி வீட்டு ஜன்னலும் திறந்தது.

"மருந்து மாத்திரைக்கு?"

அவள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"எதுக்கு மாத்திரை? உனக்கு என்ன வியாதி? பொண்ணு கையில இருக்கே போன், அது என்ன விலை? யாரு வாங்கிக் கொடுத்தா? உன் கூடப் பொறந்தவங்க யாராவது வசதியா இருக்காங்களா?"

மிதியைவிட்டுக் காலை எடுக்காமலே அவள் கேட்டாள். "கடன் பத்திரத்துல என் கையெழுத்து இருக்கா, தம்பி?"

நியாயமான கேள்வி. கூட்டாளியுடன் சேர்ந்து செல்போன் கடை வைக்கிறேன் என்று குடும்பத் தலைவர் கடன் வாங்கிய அன்றைக்கு, அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். கடை நாலு மாதம் ஓடியது. கூட்டாளி அதற்கு முன்பே ஓடிவிட்டான்.

"கையெழுத்து என்னம்மா பெரிய கையெழுத்து" என்று வசூல்காரன் சிரித்தான். "ஒரே வீடு, ஒரே அடுப்பு. புருஷன் வாங்கினா பொண்டாட்டி கட்டறா. எல்லா வீட்லயும் அதானே நடக்குது? ஆம்பளைங்ககிட்ட போய் உட்கார்ந்து பாலு, மாத்திரைன்னு கேக்க முடியுமா? சரி, சொல்லு. உனக்கு யாராவது தையல் பாக்கி தரணுமா? பேரைச் சொல்லு. கம்பெனியே நேரா போய் வாங்கிக்கும்."

எதிர்வீட்டு ஜன்னல் பட்டென்று சாத்திக்கொண்டது. அடுத்து மாடி வீடு. அடுத்து அதற்குப் பக்கத்து வீடு. அவ்வளவு நேரம் தாடையில் கை வைத்து "ஐயோ பாவம்" சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் திடீரென்று வீட்டுக்குள் வேலை வந்துவிட்டது. மகளுக்குச் சிரிப்பு வந்தது. தையல்காரி ஒரு பேரும் சொல்லவில்லை.

வசூல்காரனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. படிவத்தைத் தொடையில் தட்டினான். "நானும் மரியாதையா கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒண்ணுமே இல்லாத மாதிரி உட்கார்ந்திருக்கே. அந்தப் பட்டன் டப்பாவுல இருக்கே முப்பத்தெட்டாயிரம், அதை எடும்மா முதல்ல."

மிஷின் நின்றது.

பட்டன் டப்பா அலமாரியின் மேல்தட்டில், பழைய துணிகளுக்குப் பின்னால் இருந்தது. மகள் படிப்புக்கென்று இரண்டு வருடமாகச் சட்டை சட்டையாகத் தைத்துச் சேர்த்த பணம். அதில் இருப்பது அவளுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். தெரிந்த மூன்றாவது ஆள் குளியலறைக்குள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அருவருப்புதான் வந்தது. கடனைக் கட்டத் துப்பில்லாமல் ஒளிந்தவர் என்பதுவரை அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பெற்ற மகளின் படிப்பைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அதையும் தன் வாயால் கேட்கத் தைரியமில்லாமல் கூலிக்காரனை வரவழைத்துவிட்டு ஒளிந்திருக்கிறார் என்பது புதிது.

காலரின் நூலைக் கத்தரித்துவிட்டு எழுந்தாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறைக் கதவுக்கு முன்னால் போட்டாள்.

"வாங்க தம்பி, இங்க வந்து உட்காருங்க. கையெழுத்துப் போட்டவர் உள்ளதான் இருக்கார். உங்க கேள்வியெல்லாம் அவருக்குத்தான்."

வசூல்காரன் விழித்தான். அவருடன் போனில் பேசி ஏற்பாடு செய்தவன்தான்; கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதும் தெரிந்தவன்தான். ஆனாலும் முக்காலியின் நுனியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சார்... வணக்கம் சார். தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார். சௌகரியப்பட்டா ஒரு நிமிஷம் வர முடியுங்களா? இல்லன்னா நான் அப்புறம்..."

இவ்வளவு நேரம் ஜன்னல்களைத் திறக்க வைத்த குரல் அது. இப்போது அடுப்படிவரைகூடக் கேட்கவில்லை.

உள்ளே குழாய் திறந்துகொண்டது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே குடும்பத் தலைவர் பேசினார். "அவகிட்டயே கேட்டுக்கோங்க. வரவு செலவெல்லாம் அவதான் பாக்கறா."

"பாலு எவ்வளவு, மாத்திரை எவ்வளவுன்னு கேளுங்க தம்பி" என்றாள் தையல்காரி. "என்கிட்ட கேட்டீங்கல்ல? என்ன வியாதின்னும் கேளுங்க."

"அது எப்படிம்மா... பெரியவர்..."

"கடைசியில என்னமோ கட்டம் போட்டிருக்கே, அது என்ன?"

அவன் படிவத்தைத் திருப்பினான். "கடன் வாங்கியவர் தற்போது இருக்குமிடம்."

"வெளியூர்னு எழுதியிருக்கீங்க. அதை அடிச்சிடுங்க. குளியலறைன்னு எழுதுங்க. பொய்யா எழுதினா உங்க கம்பெனிக்கு நல்லதில்ல."

அவன் பேனாவைத் திறந்து மூடினான். அதற்குள் மகள் நாற்காலியில் ஏறிப் பட்டன் டப்பாவை இறக்கிவிட்டாள். அது தன் கைக்குத்தான் வரப்போகிறது என்று நினைத்தோ என்னவோ அவன் எழுந்து நின்றான். தையல்காரி டப்பாவை வாங்கிக் கைப்பைக்குள் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"காலேஜ்ல பணம் கட்டிட்டு வர நாலு மணி ஆயிடும். அவர் வெளிய வர்ற வரைக்கும் உட்காருங்க. தாகம் எடுத்தா கதவைத் தட்டுங்க, தண்ணியெல்லாம் உள்ளதான் ஓடுது."

வாசற்படியில் நின்று, சாத்தியிருந்த ஜன்னல்களுக்கெல்லாம் கேட்கும்படியாக அவள் குரலை உயர்த்தினாள்.

"கதவைச் சாத்த வேண்டாம் தம்பி. அப்படியே திறந்து கிடக்கட்டும். வீட்ல ஆம்பள இருக்கார், ஒரு பயமும் இல்ல."

தாயும் மகளும் தெருவில் இறங்கி வேகமாக நடந்தார்கள். மணி இரண்டுதான் ஆகியிருந்தது.