இரண்டாவது இமைப்பு

1

ங்ஙூம்ம்ம்ம்!

தலைக்கு மேலே பட்டத்தின் விண் கூவியது. பட்டத்தின் வில்லில் இழுத்துக் கட்டிய நார் காற்றில் அதிர்கிற அந்தச் சத்தத்தில், தொலைநோக்கியில் கண் வைத்திருந்த நிவேதனா திடுக்கிட்டு...

நிற்க. வாரப்பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு முதல் வரியில் ஒரு சத்தம் வேண்டும், போட்டுவிட்டேன். உண்மையில் இந்தக் கதை பிறந்தது, பக்கத்து வீட்டு நிவேதனா மதிலுக்கு மேலால் சொன்ன ஒரு வசனத்தில்:

"அண்ணை, என்ரை நிலாவைத் தம்பி பட்டத்தாலை இல்லாமல் ஆக்கிப்போட்டான்!"

2

நெப்டியூனுக்கும் அப்பால் ஒரு சின்னப் பனி உருண்டை. பெயரில்லை, இலக்கம் மட்டும். அங்கிருந்து பார்த்தால் நம் சூரியனே ஒரு பிரகாசமான புள்ளிதான். அது ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்த இரவில், தபாலகத்தில் வேலை செய்யும் நிவேதனா, வல்வெட்டித்துறையில் தன் மொட்டைமாடியிலிருந்து அதை வீடியோ பிடித்தாள். நட்சத்திரம் அணைந்தது, மறுபடி எரிந்தது. அது எதிர்பார்த்ததுதான். சற்றுப் பொறுத்து இன்னொரு தரம், ஓர் இமைப்பு.

அந்த உருண்டைக்கு ஒரு நிலா!

(ஆசிரியர் இந்த ஆச்சரியக்குறியை வெட்டக்கூடாது.)

அவ்வளவு சிறியதற்கு, அந்தக் குளிரில், துணைக்கு ஒன்று. யாரும் பார்க்காமலே சுற்றியபடி. அதன் நிழல் அத்தனை தூரம் வந்து எங்கள் ஒழுங்கையின் வீடுகளைத் தடவிப் போயிருக்கிறது. நான் அப்போது தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.*

நூலில்லாமல் நிற்கும் பட்டம் போல அந்த நிலா... [வெட்டியது. வரி தன்னைத்தானே ரசிக்கிறது.]

* சீனி போதவில்லை என்று முறைப்பாடும் செய்தேன்.

3

நிவேதனாவின் தம்பி ஜெயதீபனை நம்புவதா என்பதில்தான் என் பேனா தடக்கியது. கடற்றொழில் செய்பவன், பட்டப் போட்டியில் பரிசு வாங்குபவன். அன்று மாலை பட்டத்தை இறக்கிவிடு என்று அக்கா கேட்டிருந்தாள். மறுநாள் சந்தியில் கூட்டாளிகளிடம் அவன் சொன்னது: "என்ரை பட்டம் விடியுமட்டும் மேலை நிண்டதடா!"

இரண்டாவது இமைப்பை வேறு எந்த ஊரிலும் யாரும் பதியவில்லை. நட்சத்திரத்தை மறைத்தது பட்டம் என்று நிவேதனா வானியலாளர்களுக்கு அறிக்கை அனுப்பினால், நிலா இல்லை. இன்று அனுப்புகிறாள்.

4

இந்தப் பக்கங்களை அவளிடம் காட்டினேன். முதல் வரியிலேயே நின்றாள்.

"அண்ணை, அண்டைக்கு விண் எங்கை கூவினது? வீடியோவிலை நாய் குலைக்கிறது கூடக் கேக்குது, விண் கேக்கேல்லை."

"அப்ப அவன்ரை பட்டம்?"

"விண் கட்டாமல் ஏத்தியிருப்பான். விடுங்கோ."

சத்தத்தை வெட்டப் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் அவள் நிலாவை அழிக்கிறாள். மற்றதில் தம்பியோடு சண்டை பிடித்து, நம்பிக்கையை மட்டும் வைத்து, நிலா உண்டு என்று எழுதி அனுப்புகிறாள். இரண்டும் என் மேசையில் செய்தவை. அங்கே வெளியே நிலா இருந்தால் அது என் முடிவுக்காகவா காத்திருக்கிறது? ஆகவே இரண்டையும் கிழித்துவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். அங்கே கேட்டதை அப்படியே தருகிறேன். நிவேதனா அதற்குப் பிறகு என்ன எழுதி அனுப்பினாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெயதீபன் வலையில் சிக்கிய மீனைத் தெரிந்து எடுத்துக்கொண்டிருந்தான்.

"தீபன், அண்டைக்கு விண் இல்லாமலோ பட்டம் ஏத்தினனீ?"

"விண் இல்லாமல் நானோ? ஆரைப் பாத்துக் கேக்கிறியள்?"

"அப்ப ஏன் ஒரு சத்தமும் கேக்கேல்லை?"

அவன் வலையைக் கீழே வைத்தான். பக்கத்து வள்ளத்துப் பொடியள் எங்களைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"அக்காட்டைச் சொல்லுங்கோ அண்ணை, உவங்களிட்டை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ: பட்டம் பொழுதுபட முந்தியே நூல் அறுந்து பனையிலை மாட்டிட்டுது."